இருநூற்று எழுபத்தொன்றால் வகுபடும்

அவளுக்கு ஒரு சக்களத்தி இருந்தது மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். சக்களத்திக்குக் கையும் கிடையாது, காலும் கிடையாது, ஒன்பது இலக்கம்தான். 118901521. வாயால் சொன்னால் பதினோரு கோடியே எண்பத்தொன்பது லட்சத்து ஆயிரத்து ஐந்நூற்று இருபத்தொன்று. புருஷன் அதை முதன்முதலில் ஒரு துண்டுத்தாளில் எழுதி வீட்டுக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து அவள் அதற்கு வைத்த பெயர் அதுதான்.

"என்னக்கா, நேத்து ஞாயித்துக்கிழமை அண்ணன் வீட்லதானே?" என்று துணி மடிக்கும் பெண்கள் வாயைக் கிளறுவார்கள்.

"வீட்லயா? அந்த ஒன்பது இலக்கக்காரி வீட்ல. சாப்பாட்டுக்கு மட்டும் இங்கே வந்தாரு."

அவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்கமாட்டாள். அங்கே அவளுக்கு இஸ்திரிப்பெட்டி என்று பெயர். எப்போதும் சூடு, தொட்டால் கொப்புளம். அந்தப் பெயர் காதில் விழாத மாதிரியே நடந்துகொண்டாள். உள்ளுக்குள் அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பிறந்தபோது இவள் அழவில்லை, திட்டினாள் என்று அவளுடைய அம்மா சொல்வது வழக்கம். திட்டுவதற்குக் காரணங்களும் தேடாமலே வந்தன. கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது அப்பா படுத்துவிட்டார். "படிப்பை அப்புறம் பார்த்துக்கலாம்மா" என்று முதுகில் தட்டிச் சொன்ன சித்தப்பாக்கள் அப்புறம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சலவைக்கூடத்தில் துணி மடிக்கச் சேர்ந்தாள். நீராவியும் சோப்புக் காரமும் ஒருபக்கம் இருக்கட்டும், அறுவை அரங்கிலிருந்து வரும் விரிப்புகளில் ஊசிகளை அப்படியே வைத்துச் சுருட்டி அனுப்புவார்கள். ஒருநாள் ஒரு பெண்ணின் உள்ளங்கையில் ஊசி ஏறியது. மனு எழுதிக் கொடு என்றார்கள். அவள் எழுதவில்லை. ரத்தம் தோய்ந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு நேராக டாக்டர்கள் கூடியிருந்த அறைக்குள் போய், மேஜையின் நடுவில் பொத்தென்று போட்டாள்.

"பிரிச்சுப் பாருங்க. கையை விட்டுத்தான் பிரிக்கணும். நாங்க அப்படித்தான் பிரிக்கிறோம்."

ஒருவரும் தொடவில்லை. அடுத்த வாரம் ஊசிகளுக்குத் தனி டப்பா வந்தது. அவளைத் துரத்தவும் முடியாமல் வைத்துக்கொள்ளவும் முடியாமல் திண்டாடி, கடைசியில் மேற்பார்வையாளர் ஆக்கிவிட்டார்கள்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்தவரோ அடித்தாலும் முறைக்காத பசு. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் கற்றுக்கொடுப்பவர். கற்றுக்கொள்கிறவருக்குப் பக்கத்து இருக்கையில், தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் பாதத்தை வைத்தபடி உட்கார்ந்திருப்பார். லாரிக்கு நேராகக் காரைத் திருப்பினாலும், "பரவாயில்லை, மெதுவா" என்றுதான் சொல்வார். வீட்டிலும் அதே கதைதான். அவள் குரலை உயர்த்தினால் அவருடைய வலது பாதம் தானாகத் தரையில் அழுந்தும். அதைப் பார்த்தால் அவளுக்கு இன்னும் ஏறும்.

"என்ன, என்னையும் பிரேக் போட்டு நிறுத்தப் பார்க்கிறீங்களா?"

"நிக்கிற வண்டியா நீ?" என்பார் அவர்.

இந்த மனுஷரை எண் வட்டம் என்ற கணக்குச் சங்கத்துக்குள் இழுத்துப் போட்டவர் மருந்துக்கடைக்காரர். தலைவலி மாத்திரை வாங்கப் போனவர் ஆயுளுக்குமான தலைவலியோடு திரும்பி வந்தார் என்பது அவளுடைய கணக்கு. டயர் கடைக்கு மேலே ஓர் அறை; கரும்பலகை, மடக்கு நாற்காலிகள், ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடும் பத்துப் பன்னிரண்டு பேர். மருந்துக்கடைக்காரர்தான் செயலாளர். அந்த வட்டத்தின் வழக்கமே விசித்திரமானது. புதிதாகச் சேருகிறவர் ஒரு தகர டப்பாவுக்குள் கைவிட்டு இலக்கங்களை ஒவ்வொன்றாக எடுக்கவேண்டும். ஒன்பது இலக்கம் சேர்ந்ததும் அதுதான் அவருடைய எண். தாலி கட்டின மாதிரி, மாற்றமுடியாது. அதன் குணங்கள் எல்லாவற்றையும் கையால் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கவேண்டும். இயந்திரம் கூடாது.

முதல் கேள்வி, அது பகா எண்ணா, பகு எண்ணா என்பது. ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் மீதியில்லாமல் வகுபடாதது பகா எண். வகுபட்டால் பகு எண். இத்தனை பெரிய எண்ணை எல்லாவற்றாலும் வகுத்துப் பார்க்க ஒரு ஆயுள் போதாது என்று வட்டத்தார் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஐந்நூறுக்குக் கீழே இருக்கும் பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார். எதற்கும் மசியவில்லையா? ஒரு குறுக்குச் சோதனை போடு. அதிலும் தேறினால் பகா எண் என்று அறிவித்துக்கொள்ளலாம்.

அவருடைய எண் எதற்கும் மசியவில்லை. குறுக்குச் சோதனையிலும் தேறியது. அன்றைக்கு அவர் ஒரு டப்பா இனிப்போடு வீட்டுக்கு வந்தார்.

"பகா எண்ணும்மா. யாராலும் பிரிக்கமுடியாது."

"பிரிக்கவே முடியாததைப் பிடிச்சுக்கிட்டு வந்துட்டீங்க. அப்ப நான் எங்கே போறது?"

அதற்கப்புறமும் அவர் விடவில்லை. வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ புதுக் குணம் கண்டுபிடித்து, அவள் துணி உலர்த்தும்போது பின்னாலேயே வந்து சொல்வார். இலக்கங்களைக் கூட்டினால் இருபத்தெட்டு. இருபத்தெட்டு நிறைவு எண், தன்னைத் தவிர்த்த வகுத்திகளைக் கூட்டினால் அதே வரும். சரி. இலக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டி, வந்ததை மறுபடி அப்படியே செய்துகொண்டு போனால் கடைசியில் ஒன்றில் முடியவேண்டும், முடிந்தால் அதற்குச் சந்தோஷ எண் என்று பெயர், இது முடியவில்லை. சரி. ஒன்றும் பூஜ்யமுமாக மட்டும் எழுதினால் இதில் பன்னிரண்டு ஒன்று வருகிறது. இரட்டைப்படையில் வந்தால் அதைப் பொல்லாத எண் என்பார்கள்.

"சந்தோஷமும் கிடையாது, பொல்லாததும்கூட" என்று அவள் துணியை உதறினாள். "உங்க ஒன்பது இலக்கக்காரி ஜாதகத்தை எதுக்கு இங்கே படிக்கிறீங்க?"

அவர் சிரித்த சிரிப்பில் கீழ் வீட்டுக்காரர் சன்னலைத் திறந்து பார்த்தார்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் காலையில், பயிற்சிப் பள்ளி வாசலில் நிறுத்தியிருந்த காரில், பக்கத்து இருக்கையில், கற்றுக்கொள்ள வரவேண்டிய ஆள் தாமதமானதால் காத்திருந்தவர், காத்திருந்தபடியே போய்விட்டார்.

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. தாமதமாக வந்த ஆள்மேல் கோபம். போன மாதம்தான் இதயத்தைப் பரிசோதித்து எல்லாம் நன்றாக இருக்கிறது என்று கைகுலுக்கிய டாக்டர்மேல் கோபம். "நல்ல சாவு, படுக்கையில கிடக்காம போயிட்டாரு" என்று ஆறுதல் சொன்ன கொழுந்தனிடம், "அவ்வளவு நல்லதா இருந்தா உனக்கும் ஒண்ணு கேட்டு வாங்கிக்கோ" என்றாள். மகள் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

இத்தனைக்கும் நடுவில் அவள் கண்ணில் ஒன்று பட்டது. கூடத்தில் புருஷன் படுத்திருக்கிறார்; சுவர் ஓரத்து நாற்காலியில் மருந்துக்கடைக்காரர் செல்போனைத் தட்டிக்கொண்டிருக்கிறார். தட்டியவரின் முகம் சட்டென்று மாறியது. போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, விடைபெறாமலேயே எழுந்துபோனார். யாருக்கோ உடம்பு சரியில்லையோ என்று அவள் நினைத்தாள்.

சில நாள் கழித்து அவரே வீட்டுக்கு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். மகள் கொண்டுவந்து வைத்த காபி ஆறி ஆடை கட்டியது.

"தங்கச்சி, வட்டத்துல ஒரு வழக்கம் இருக்கு. ஒருத்தர் போயிட்டா, அடுத்த கூட்டத்துல அவர் எண்ணோட குணங்களை வரிசையா வாசிப்போம். படத்தைச் சுவர்ல மாட்டி, கீழே எண்ணை எழுதுவோம். அந்த எண்ணை அப்புறம் யாருக்கும் தரமாட்டோம்."

"தெரியும்ணே. அவர் சொல்லியிருக்காரு. அந்தச் சுவர்ல இருக்கிறவங்களைப் பத்தி என் மாமனார் மாமியாரைப் பத்திச் சொன்னதைவிட அதிகமா சொல்லியிருக்காரு."

"வாசிக்கறதுக்கு முன்னால மட்டும் ஒரு தடவை மெஷின்ல சரிபார்க்கலாம்னு விதி." அவர் நாற்காலியில் இன்னும் நுனிக்கு நகர்ந்தார். "பார்த்தேன். அது பகா எண் இல்லம்மா."

அவள் இன்னொரு நாற்காலியை அவருக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பகாவா பகுவாங்கிற வகை தப்பிடுச்சுன்னா வாசிப்பு கிடையாது. படமும்... விதி அப்படி. எண் பொதுவுக்குப் போயிடும், வேற யாருக்கும் வரலாம். நான் இதை யார்கிட்டயும் சொல்லமாட்டேன் தங்கச்சி. வர்ற ஞாயித்துக்கிழமை ரெண்டு நிமிஷம் எழுந்து நின்னு மௌனமா இருந்துட்டு முடிச்சிடறோம். நீங்க வரணும்னுகூட இல்லை. அவர் மரியாதையும் நிக்கும்."

"எப்ப பார்த்தீங்க?"

"என்னது?"

"மெஷின்ல எப்ப பார்த்தீங்க? அவரைத் தூக்கறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

மருந்துக்கடைக்காரர் காபியைப் பார்த்தார்.

"என் புருஷன் இங்கே படுத்திருக்கும்போது அங்கே உக்காந்து அவர் கணக்குல தப்புக் கண்டுபிடிச்சிருக்கீங்க. வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சறதுக்கும் ஒரு நேரங்காலம் வேணாம்? எழுந்திருங்க."

"தங்கச்சி..."

"எழுந்திருங்கன்னேன்."

அவர் போனதும் மகள் தன் போனில் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தாள். ஒரு கண் சிமிட்டும் நேரம்கூட ஆகவில்லை.

"அம்மா, அவர் சொன்னது நிஜம்தாம்மா. இருநூத்தி எழுபத்தொண்ணு, ஐநூத்தி நாப்பத்தொண்ணு, எண்ணூத்திப் பதினொண்ணு. மூணையும் பெருக்கினா இதுதான் வருது."

"அந்தப் போன்தான் நேத்து மழை வரும்னுச்சு. வந்துச்சா?"

மறுநாளே வேலைக்குப் போய்விட்டாள். மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் எழுந்துபோன பின், கழித்துப்போட்ட படுக்கை விரிப்பு ஒன்றை மடிப்பு மேஜைமேல் விரித்தாள். துணிக்கு அடையாளம் போடும் அழியாத மசிப் பேனாவை எடுத்து, ஒன்பது இலக்கத்தையும் உள்ளங்கை அகலத்துக்கு எழுதினாள். இத்தனை வருஷத்தில் சக்களத்தியைத் தன் கையால் எழுதியது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் 271 என்று போட்டாள். பள்ளிக்கூடத்தில் செய்ததுதான், கைக்கு மறக்கவில்லை.

1189இல் நான்கு தடவை. மீதி 105. பூஜ்யத்தை இறக்கினாள், மூன்று தடவை, மீதி 237. ஒன்றை இறக்கினாள், எட்டு தடவை, மீதி 203. ஐந்தை இறக்கினாள், ஏழு, மீதி 138. மசி துணியில் ஊறிப் பரவியது. வகுபடக்கூடாது என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். இரண்டை இறக்கினாள், ஐந்து, மீதி 27. இன்னும் ஓர் இலக்கம்தான் பாக்கி. ஒன்று. அதை இறக்கி 27க்குப் பக்கத்தில் வைத்தாள்.

271.

வகுக்கும் எண்ணே எதிரில் வந்து நின்றது. அதற்கு மேல் கணக்கு என்ன இருக்கிறது? மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

"அட அறிவுகெட்ட மனுஷா!" என்று அவள் கத்திய கத்தலில், வாசல்படியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்கள் எச்சில் கையோடு ஓடிவந்தார்கள். "இதைப் போய் விட்டியா? ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமையா என்னை விட்டுட்டுப் போய் உக்காந்து கிழிச்சது இதுதானா? பிரிக்கமுடியாதாம் பிரிக்க! இனிப்பு வேற!"

இத்தனை வருஷ வாழ்க்கையில் அவரை ஒருமையில் திட்டியதில்லை. நீ என்று வாயில் வந்த பிறகு நிறுத்த முடியவில்லை. காரில் உட்கார்ந்து செத்ததற்கும் சேர்த்துத் திட்டினாள். நெஞ்சு வலித்தபோது ஹாரனையாவது அடித்திருக்கக்கூடாதா என்று திட்டினாள். பெண்கள் சுற்றி நின்றார்கள். ஒருத்தியும் இஸ்திரிப்பெட்டியைத் தொடத் துணியவில்லை. கடைசியில் அவளே விரிப்பைப் பல்லால் கடித்து நாலாகக் கிழித்து, தரை துடைக்க என்று மூலையில் வீசினாள்.

சனிக்கிழமை சாயங்காலம் சலவைக்கூடத்துக்கு அவளைத் தேடிக்கொண்டு ஒருத்தி வந்தாள். கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுப்பவள், வட்டத்தில் உறுப்பினர். துக்கத்துக்கு வந்திருந்தாள், அன்றைக்குப் பேச முடியவில்லை. நீராவியில் கண்ணாடி மூடிக்கொள்ள, அதைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே பேசினாள்.

"அக்கா, நாளைக்கு வாசிப்பு இல்லைன்னு செயலாளர் சொல்றாரு. காரணம் கேட்டா மழுப்பறாரு. நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன்."

"இருநூத்தி எழுபத்தொண்ணு."

கல்லூரிக்காரி தலையசைத்தாள். "அது சாதாரண எண் இல்லக்கா. நாங்க போடற குறுக்குச் சோதனை என்னன்னா, ஒரு சின்ன எண்ணை எடுத்து, நம்ம பெரிய எண் எவ்வளவோ அத்தனை தடவை தன்னாலேயே பெருக்கணும். வந்ததைப் பெரிய எண்ணால வகுத்தா அந்தச் சின்ன எண்ணே மீதி வரணும். பகா எண்ணா இருந்தா எப்பவும் வரும். பகு எண்ணா இருந்தா எங்கேயாவது ஒரு இடத்துல காலை வாரும். ஆனா ஒருசில பகு எண்கள் இருக்கு. இரண்டைப் போட்டாலும் தேறும், மூணைப் போட்டாலும் தேறும், எதைப் போட்டாலும் பகா எண் மாதிரியே தேறும். ஒன்பது இலக்க எண்கள்ல பகா எண்களே நாலரைக் கோடி இருக்கு. இந்த ரகம் நானூறுகூடத் தேறாது. அண்ணன் டப்பாவுல கையைவிட்டு அதுல ஒண்ணை எடுத்திருக்காரு. பகா எண்ணைவிட எவ்வளவோ அபூர்வம்க்கா."

"அதாவது போலி."

"போலிப் பகா எண்ணுன்னுதான் சொல்றது. ஆனா..."

"சுவர் காரை பேர்ந்து விழுந்துட்டா பேர்ந்துடுச்சுன்னு சொல்லுங்கம்மா. அதுமேல சுண்ணாம்பு அடிச்சு இது அபூர்வமான ஓட்டைன்னு என்கிட்ட விக்காதீங்க. குறுக்குச் சோதனையை விடுங்க. அதுக்கு முன்னால நேர்ச் சோதனை ஒண்ணு இருக்கில்ல? இருநூத்தி எழுபத்தொண்ணு ஐநூறுக்குக் கீழேதானே இருக்கு? அதை விட்டாரு. அவ்வளவுதான்."

"யானைக்கும் அடி சறுக்கும்க்கா."

"சறுக்கட்டும். பாகன் எங்கே போனான்?"

அவள் ஒரு கோபத்தில் சொன்ன பேச்சுதான் அது. ஆனால் கல்லூரிக்காரி கண்ணாடியை மறுபடி துடைத்தாள். இந்தத் தடவை அதில் துடைப்பதற்கு ஒன்றும் இல்லை.

"என்ன?"

"பாகன் உண்டுக்கா. ஐநூறு வரைக்கும் போடற வகுத்தல் எல்லாத்தையும் இன்னொருத்தர் தனியா உக்காந்து மறுபடி போடணும். மறுவகுத்தல்னு சொல்லுவோம். போட்டேன்னு அவர் கூட்டத்துல எழுந்து வாயால சொன்னாத்தான் அடுத்த சோதனைக்கே விடுவோம்."

"யார் அந்த இன்னொருத்தர்?"

"புதுசா சேர்றவங்களை யார் கூட்டிட்டு வந்தாங்களோ அவங்க."

பெரிய உலர்த்தும் இயந்திரம் ஒன்று சுற்றி ஓய்ந்து நின்றது. அவள் அதன் கதவைத் திறந்து, சூடு பறக்கும் துணிகளை வெறுங்கையால் வாரி வண்டியில் போட்டாள். கையுறை பக்கத்திலேயே தொங்கியது.

"நாளைக்கு எத்தனை மணிக்குக் கூட்டம்?"

ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு, புருஷனின் சட்டம் போட்ட படத்தையும் எடுத்துக்கொண்டு டயர் கடை மாடிப்படி ஏறினாள். படத்தைத் துணிப்பையில் வைத்திருந்தாள். அந்த அறையை இத்தனை வருஷம் திட்டியிருக்கிறாளே தவிர உள்ளே வந்ததில்லை. ரப்பர் நாற்றம். சுவரில் ஏழெட்டுப் படங்கள். ஒவ்வொன்றின் கீழும் ஓர் எண். அவளைப் பார்த்ததும் நாற்காலிகள் கிறீச்சிட்டன. ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். அவள் உட்காரவில்லை.

மருந்துக்கடைக்காரர் கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். "தங்கச்சி வந்ததுல ரொம்ப சந்தோஷம்... சந்தோஷம்னு இல்லை... எல்லாரும் எழுந்து நில்லுங்க. ரெண்டு நிமிஷம் மௌனம்."

"மௌனம் வேணாம்" என்றாள். "அவர் இருந்தப்பவே வீட்ல அதைத்தான் பண்ணிக்கிட்டிருந்தாரு. வாசிங்க."

"தங்கச்சி, அன்னைக்கே சொன்னேனே..."

"என்கிட்ட சொன்னீங்க. இவங்ககிட்ட சொன்னீங்களா?" அவள் மற்றவர்களைப் பார்த்துத் திரும்பினாள். "என் வீட்டுக்காரர் எண் பகா எண் இல்லை. பகு எண். நானே போட்டுப் பார்த்தேன். அவர் தப்புப் பண்ணிட்டாரு."

அறையில் ஒரு முனகல் ஓடியது. பின்வரிசையில் இருந்த முடிதிருத்துபவர் எழுந்தார். "அதனால என்னம்மா? நல்ல மனுஷன். பகா எண்ணுன்னே வாசிச்சுட்டுப் போறோம். யாருக்கு நஷ்டம்?"

இரண்டு மூன்று பேர், ஆமாம் ஆமாம் என்றார்கள்.

"வாசிச்சீங்கன்னா இந்தப் படத்தை இங்கேயே போட்டு உடைப்பேன்" என்றாள். "உயிரோட இருக்கிறவரைக்கும் பொய் சொல்லாத மனுஷன். செத்தவன் வாயில நீங்க பொய்யை வெச்சு அனுப்பாதீங்க. தப்புன்னா தப்புன்னே எழுதுங்க. ஆனா தப்பு முழுசையும் எழுதுங்க. பாதியை மட்டும் எழுதாதீங்க." அவள் மருந்துக்கடைக்காரர் பக்கம் வந்தாள். "இவரை இங்கே கூட்டிட்டு வந்தது யாரு சார்?"

அண்ணே என்பது சார் ஆனதை அவர் கவனித்தார். "நான்தான்."

"மறுவகுத்தல் போட்டது?"

கீழே டயர் கடையில் காற்றடிக்கும் இயந்திரம் தடதடத்தது.

"சார், சாக்பீஸை எடுங்க. இப்ப போடுங்க. இருநூத்தி எழுபத்தொண்ணால."

"தங்கச்சி, நான் அன்னைக்கு..."

"போடுங்க."

அவர் போட்டார். எண்ணை எழுதும்போது ஒன்பது கோணலாக விழுந்தது. நான்கு. மீதி நூற்றைந்து. மூன்று. மீதி இருநூற்று முப்பத்தேழு. அறையில் எல்லோரும் சாக்பீஸ் முனையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அவர் எழுதுவதற்கு முன்பே அடுத்த இலக்கம் தெரிந்துவிட்டது. எட்டு. ஏழு. ஐந்து. மீதி இருபத்தேழு. ஒன்றை இறக்கிவிட்டு அவர் நின்றுவிட்டார்.

"ஏன் நிறுத்திட்டீங்க? அங்கேயும் ஒண்ணு போடுங்க."

ஒன்று போட்டார். அடியில் பூஜ்யம் போட்டார். பலகையைப் பார்த்தபடியே பேசினார்.

"அப்ப ஊர் முழுக்கக் காய்ச்சல். கடையில கூட்டம். நூறு வரைக்கும் போட்டேன். அதுக்கு மேல... அவர் தப்புப் பண்ணமாட்டாருன்னு விட்டுட்டேன். இங்கே வந்து எல்லாம் போட்டாச்சுன்னு சொன்னேன்."

"அவர் உங்களை நம்பினாரு. நீங்க அவரை நம்பினீங்க. ரெண்டு பேரும் நம்பி நம்பி இருநூத்தி எழுபத்தொண்ணைக் கோட்டை விட்டீங்க. அவர் தப்பு, கை தப்பு. உங்க தப்பு, வாய் தப்பு. அவருக்குப் படம் கிடையாது, உங்களுக்கு மட்டும் செயலாளர் நாற்காலி. இது எந்த ஊர் வகுத்தல் சார்?"

அவர் சாக்பீஸைக் கீழே வைத்தார். மன்னிப்பு என்ற சொல்லை ஆரம்பித்தார்; அவள் கையைக் காட்டி அமர்த்தினாள். அது அவளுக்குத் தேவைப்படவில்லை.

கல்லூரிக்காரி எழுந்தாள். "விதிப்படி, மறுவகுத்தல் நடக்காம எந்த எண்ணையும் பகா எண்ணுன்னு அறிவிக்கமுடியாது. அப்ப அண்ணன் எண்ணுக்கு வகையே இதுவரைக்கும் அறிவிக்கலைன்னுதான் அர்த்தம். வகை தப்பினதாகாது. இன்னைக்குத்தான் மறுவகுத்தல் நடந்திருக்கு, இந்தப் பலகையில. இன்னைக்குத்தான் வகை தெரிஞ்சிருக்கு." மற்றவர்களைப் பார்த்தாள். "வாசிக்கலாமா?"

முதலில் கை தூக்கியவர் முடிதிருத்துபவர். பிறகு மற்றவர்கள். மருந்துக்கடைக்காரர் கடைசியாகத் தூக்கினார்.

கல்லூரிக்காரி வாசித்தாள். "ஒற்றைப்படை."

"சரி" என்றது அறை.

"பகு எண். இருநூற்று எழுபத்தொன்று, ஐந்நூற்று நாற்பத்தொன்று, எண்ணூற்றுப் பதினொன்று, இந்த மூன்றின் பெருக்கல்."

"சரி."

"எந்த வகுத்தியும் இரண்டு தடவை வராது."

"சரி."

"குறைவு எண். தன்னைத் தவிர்த்த வகுத்திகளை எல்லாம் கூட்டினால் எட்டு லட்சத்து ஆறாயிரத்து எழுநூற்று அறுபத்தேழு. தன்னில் நூற்றில் ஒரு பங்குகூட வராது."

"சரி."

"சந்தோஷ எண் அல்ல. பொல்லாத எண்."

யாரோ லேசாகச் சிரித்தார்கள். அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். மகள்தான். சிரிப்பும் அழுகையுமாக வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"குறுக்குச் சோதனை எல்லாவற்றிலும் தேறும் போலிப் பகா எண். மறுவகுத்தல் போட்டவர் செயலாளர், இன்றைய தேதியில்."

"சரி" என்று சொன்னவர்களில் மருந்துக்கடைக்காரரின் குரலும் இருந்தது.

படம் மாட்ட ஆணி இருந்தது, சுத்தியல் இல்லை. இறங்கி ஓடிய மகள் டயர் கடையிலிருந்து ஒரு கனத்த சுத்தியலை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள். மருந்துக்கடைக்காரர் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. ஆணியைச் சுவரில் வைத்து ஓங்கி அடித்தாள். முதல் ஆணி வளைந்தது, பிடுங்கி எறிந்தாள். இரண்டாவதை அடித்தபோது சுவரே அதிர்ந்து, ஏற்கெனவே மாட்டியிருந்த படங்கள் ஒரு குதி குதித்தன. படத்தை மாட்டினாள். கோணலாக நின்றது, நேராக்கினாள். கீழே எழுதும் சீட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் 'பகு எண்' என்று தானே எழுதி ஒட்டினாள்.

அவர் படத்தில் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சிரிங்க, நல்லா சிரிங்க" என்றாள். "இருநூத்தி எழுபத்தொண்ணை விட்டுட்டு உங்களுக்குச் சிரிப்பு ஒரு கேடு."

சுத்தியலை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் படியிறங்கினாள். மகள் பின்னாலேயே போனாள். டயர் கடைக்காரர் சுத்தியலை வாங்கிக்கொண்டு, "மேலே என்னம்மா அந்தப் போடு போட்டீங்க? என் கூரையே விழுந்திடும் போலிருந்துச்சே?" என்றார்.

"விழட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் தெருவில் இறங்கி வேகமாக நடந்தாள்.